தர்மினி பொறுக்கிய இடைவெளிகள்

ஒஸ்லோவில் நான் திருத்தாத தமிழ்ப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு திருவிழாவில் 'அண்ணதானம்' என்று பதாகை கட்டியிருந்தார்கள். யாருடைய அண்ணனை யாருக்குத் தானம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறி, இரண்டு ணகரத்திலும் ஒவ்வொரு சுழியைச் சுரண்டிவிட்டுத்தான் இறங்கினேன். பனி படிந்த பஸ் கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிய காதலுக்கு ஒற்றுப் போட்டிருக்கிறேன். என் யன்னலுக்கு நேரே பறக்கும் வாத்துகள் வரிசை பிசகியிருந்தால், என்னைக் கண்டதும் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

சரி, வாத்து பொய். ஏணியும் பொய், என் முழங்காலுக்கு ஏணி எங்கே? கீழே நின்று கத்தினேன், அவ்வளவுதான். என் பேத்தி மிதுனா கேட்டிருந்தால், "அம்மம்மா, புளுகு அவிட்டு விடாதேங்கோ" என்றிருப்பாள்.

தர்மினியைப் பற்றிச் சொல்வதில் பொய் குறைவு. வெஸ்ட்லியில், சுரங்க ரயிலின் ஐந்தாம் தடம் முடிகிற இடத்தில், எங்கள் தொடர்மாடியில் எனக்கு மேல்வீட்டில் இருக்கிறாள். நாற்பது வயது. பிறந்தது நோர்வேயின் வடக்கே, ஹம்மர்பெஸ்டில். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த தகப்பன் அங்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். ஒருமுறை கல்யாணம் செய்து, ஒத்துவராமல் விலகிக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடத்தில் நோர்வே மொழி படிப்பிக்கிறாள். என்னை மாமி என்பாள். உறவு ஒன்றும் இல்லை.

உலகத்தில் அவளால் பொறுக்க முடியாதது இடைவெளி. நோர்வே மொழியில் இரண்டு சொற்கள் கூடி ஒரு பொருளைச் சொன்னால் சேர்த்து எழுதவேண்டும். நடுவில் இடம் விட்டால் பொருள் ஓடிவிடும். 'புகையற்ற இடம்' என்று எழுதப்போய் ஒரு இடம் விட்டால், 'தாராளமாகப் புகையுங்கள்' என்றாகிவிடும். இந்த நாட்டில் பாதிப்பேர் இடம் விட்டு எழுதுவார்கள், மற்றப் பாதிப்பேர் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்கள். தர்மினி பல்லோடு நிறுத்தமாட்டாள். லிப்டில் ஒட்டிய அறிவித்தலோ சலவை அறையில் ஒட்டியதோ, சிவப்புப் பேனாவால் ஒரு வளைவு போட்டு இரண்டு சொல்லையும் இணைத்துவிட்டுத்தான் அப்பால் போவாள்.

எடுத்த இடைவெளிகளை அவள் என்ன செய்தாள் என்று யாருமே கேட்டதில்லை. நான் பார்த்திருக்கிறேன். தன் நீலக் கோட்டின் பைக்குள் போடுவாள். பனி கொட்டும் மாரி காலத்தில் அந்தப் பை உப்பிக்கொண்டு நிற்கும். காற்று அடிக்கிற காலைகளில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது அவளுடைய சப்பாத்து நிலத்திலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதால் காண்பதில்லை. ஒருநாள் அவள் கோட்டைக் கழற்றி என் கதிரையில் போட்டிருந்தபோது பைக்குள் கை விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாதது மெத்தென்று, குளிராக, நிறைய இருந்தது.

குகநேசனை அவள் கண்டதும் ஒரு இடைவெளியால்தான். ஸ்ட்ரோம்மன் பக்கம் வண்டிக்கடை வைத்திருப்பவன். இளவயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, தனியாகவே இருந்துவிட்டான். கொத்து ரொட்டி, ரோல்ஸ், பொரித்த கோழியீரல் விற்பான். கடைக்கு முன்னால் பலகை. அதில் நோர்வே மொழியில் கோழியையும் ஈரலையும் பிரித்து எழுதியிருந்தான். சேர்த்து எழுதினால் கோழியீரல். பிரித்தால் 'கோழி உயிர் வாழ்கிறது' என்று வரும்.

"அண்ணை, உங்கட பொரிச்ச கோழி உயிரோடையோ இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள் தர்மினி.

"என்ன பிள்ளை, பகிடியோ?"

"பலகையை வாசியுங்கோ. பொரிச்ச கோழி உயிர் வாழுது எண்டு கிடக்கு."

அவன் இறங்கி வந்து பலகையைப் பார்த்தான். "அதுதான் நோர்வேச் சனம் ஒண்டும் வாங்கேல்லை. பயந்து போயிருக்குங்கள்" என்றான். பிறகு சோக்கட்டியை அவளிடம் நீட்டினான்.

அந்த 'அண்ணை' எப்போது கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவன் அவளுக்கு நோர்வே மொழியில் செய்தி அனுப்பத் தொடங்கினான், எழுத்துப் பழகவாம். அவள் ஒவ்வொன்றையும் திருத்தித் திருப்பி அனுப்புவாள். அவளோ அவனுக்குத் தமிழில் எழுதுவாள். 'இங்கே மலை பெய்கிறது' என்று ஒருமுறை எழுதினாள். மலை பெய்தால் வெஸ்ட்லியே மிஞ்சாது என்று நானாக இருந்தால் எழுதியிருப்பேன். அவன் 'குடை கொண்டு போங்கோ' என்று மட்டும் எழுதினான்.

அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஈரலைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பவள், கிழமைக்குக் கிழமை ஒரு பெட்டி ஈரலோடு வந்து என் குசினியில் வைத்துவிட்டுப் போனதில் நானாக விளங்கிக்கொண்டேன். வெஸ்ட்லிப் பூனைகளெல்லாம் அந்த மாரியில் இரட்டை நாடியாகிவிட்டன.

பனி உருகத் தொடங்கிய நேரம் அவளுக்கு நாற்பதாவது பிறந்தநாள். கீழே பொது அறையில் கொண்டாடினோம். அவளோடு படிப்பிக்கும் எம்மா வந்திருந்தாள், இன்னும் சிலர் வந்திருந்தார்கள். குகநேசன் கேக் கொண்டுவந்தான். அதன் மேல் கிரீமால் தன் கையாலேயே எழுதியிருந்தான்: 'நொஷ்க்', பிறகு ஒரு ஸ்ட்ரோபெரிப் பழம், பிறகு 'லேரெர்'.

சேர்த்து எழுதினால் நோர்வே மொழி படிப்பிப்பவள் என்று பொருள். அதைத்தான் அவன் எழுத நினைத்தான். பிரித்து, நடுவில் ஒரு பழத்தையும் வைத்ததில், 'நோர்வேக்கார ஆசிரியை' என்றாகிவிட்டது.

எம்மா பார்த்துச் சிரித்தாள். தர்மினி கத்தியை எடுத்தாள், பழத்தை நீக்கினாள், இரண்டாம் சொல்லைக் கிரீமோடு வழித்துக்கொண்டுபோய் முதற்சொல்லோடு ஒட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இடம் விட்டிட்டன் போல" என்றான் குகநேசன். அவனும் சிரித்தான். தட்டு எடுத்துவரப் போகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. தட்டு எடுக்க நான்தான் போனேன்.

அதற்குப் பிறகு செய்தி நின்றுவிட்டது. பிழையான செய்தியும் இல்லை, சரியான செய்தியும் இல்லை. அவள் ஸ்ட்ரோம்மனுக்குப் போய்ப் பார்த்தாள். கடை இருந்தது, பலகையைக் காணவில்லை. அவன் மரியாதையாக, "என்ன வேணும் டீச்சர்?" என்று கேட்டானாம். அந்த 'டீச்சர்' அவளைக் கொன்றுவிட்டது. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாள்.

அந்த நாட்களில் அவள் கோட்டு கனக்கத் தொடங்கியது. முன்பு ரயில் மேடையில் மிதந்தவள், இப்போது படியேற மூச்சு வாங்கினாள். கேக்கில் எடுத்த இடைவெளி பைக்குள் கிடந்தது, ஒரு ஸ்ட்ரோபெரி அளவு. மற்றவையெல்லாம் காற்றைப்போல் இருக்க, அது மட்டும் கல்லைப்போல் கனத்தது. ரயிலில் அவள் இருந்த பக்கம் பெட்டி சரிந்ததாக நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். சரியவில்லை. ஆனால் சரிந்ததுபோல் இருந்தது.

ஒரு பின்னேரம் கீழே இறங்கி வந்து என் குசினி மேசையில் குந்தினாள். வெளியே வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது, வசந்தத்தில் இங்கே அப்படித்தான்.

"மாமி, நான் ஹம்மர்பெஸ்டிலை பிறந்தனான்" என்றாள்.

"தெரியும்தானே."

"எங்கை இருந்து வந்தனீர் எண்டு கேப்பினம். ஹம்மர்பெஸ்ட் எண்டா, இல்லை, உண்மையா எங்கை இருந்து எண்டு கேப்பினம். நாப்பது வருசமாக் கேக்கினம். என்னை நோர்வேக்காரி எண்டு ஒருத்தரும் எழுதினதில்லை, மாமி. அவர் எழுதினார். பிழையா எண்டாலும் எழுதினார். கிரீமாலை எழுதி, பழமும் வைச்சார். நான் கத்தியாலை வழிச்சுப்போட்டன்."

நான் தேத்தண்ணி வைத்தேன்.

"அவரிட்டை மன்னிப்புக் கேள் பிள்ளை."

"நோர்வேயிலை எழுதினா ஒரு பிழையும் வராது. அதை வாசிச்சா அவருக்கு இன்னும் நோகும்."

"அப்ப தமிழிலை எழுது."

போனை எடுத்து நெடுநேரம் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் என்னிடம் காட்டினாள். 'எனக்கு உங்கள் கரி வேண்டும். வருவீர்களா?'

என் உள்ளங்கை கடித்தது. கறி எங்கே, கரி எங்கே! சின்ன ர போட்டு, அடுப்புக் கரி கேட்கிறாள் இந்தப் பெண். ஐம்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ரகர றகரம் படிப்பித்த நாக்கின் நுனிவரை திருத்தம் வந்து துடித்தது. பிடித்து உள்ளே இழுத்தேன். கொஞ்சம் குறும்புதான், வேறென்ன.

"ஒரு பிழையும் இல்லை" என்றேன். "அனுப்பு."

அனுப்பினாள். தேத்தண்ணி ஆறும்வரை போன் பேசாமல் கிடந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது: 'எவ்வளவு?'

அவள் என்னைப் பார்த்தாள். "நிறைய எண்டு எழுது" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. குகநேசன் வாசலில் நின்றான். தோளில் ஒரு சாக்குக் கரி, இங்கே கோடைக்கு ஏரிக்கரைகளில் எல்லோரும் இறைச்சி சுடுவார்களே, அந்தக் கரி. சட்டை, கழுத்து, மூக்கு நுனி எல்லாம் கறுப்பு. நான் ஒரு சாக்கு என்று சொல்வது உங்கள் நம்பிக்கைக்காக. படிக்கட்டெல்லாம் கரியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"கரி கேட்டனீங்கள்" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"கறி எண்டு…" என்று தொடங்கிய தர்மினி வாயைப் பொத்தினாள்.

"அதுவும் கொண்டந்தனான். எது எண்டு சரியாத் தெரியேல்லை." மற்றக் கையில் மிளகாய்த்தூளில் ஊறிய ஆட்டிறைச்சி ஒரு வாளி இருந்தது.

மூவரும் ஐந்தாம் தட ரயிலில் ஏறினோம். என்னை ஏன் கூட்டிப் போனார்கள் என்று கேட்காதீர்கள், நானாகத்தான் ஏறினேன். வெஸ்ட்லியில் ஏறி நித்திரை கொண்டால், அதே ரயில் மறுமுனையில் சோங்ஸ்வான் ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கும். நடுவில் சுரங்கம், வெளிச்சம், சுரங்கம். கரிச்சாக்கு இருவருக்கும் நடுவே ஒரு ஆளைப்போல் இருந்தது.

ஏரிக்கரையில் இறைச்சி சுடும் இடத்தில் அவன் நெருப்பு மூட்டினான். புகை நேரே எழும்பி, தண்ணீருக்கு மேல் வளைந்து வளைந்து நின்றது. மரங்களின் நிழல் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு வாத்து வந்து, கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லையென்று திரும்பிப் போனது.

"கேக்கிலை நான் செய்தது பிழை" என்றாள் தர்மினி.

"இல்லை, நான்தான் இடம் விட்டிட்டன்."

"விட்டதுதான் சரி."

அவன் விளங்காமல் பார்த்தான். ஹம்மர்பெஸ்ட் கதையை, நாற்பது வருடக் கேள்வியை அவள் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு ஆறிக்கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்தான், காகிதத் தட்டைக் கவிழ்த்து 'நொஷ்க்' என்று எழுதிவிட்டுக் கையை நிறுத்தினான்.

"எவ்வளவு இடம் விடோணும்?"

அவள் தன் பெருவிரலைத் தட்டில் ஊன்றினாள். "இவ்வளவு."

விரலுக்கு அந்தப் பக்கம் அவன் மற்றச் சொல்லை எழுதினான். விரலை அவள் உடனே எடுக்கவில்லை. திரும்பி வரும்போது கோட்டை என் கையில் தந்திருந்தாள். இறகுபோல் இருந்தது.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று இருவரையும் என் குசினியில் இருத்தி வாசித்துக் காட்டினேன். "பாருங்கோ, நான் ஒரு ரகரத்தைத் திருத்தாமல் விட்டபடியால்தான் நீங்கள் இண்டைக்கு ஒரு மேசையிலை இருக்கிறியள்" என்று முடித்தேன். குகநேசன் தலையாட்டினான். தர்மினி ஆட்டவில்லை.

"மாமி, அதிலை ஒரு பிழை கிடக்கு."

"எங்கை?"

"மழையை மலை எண்டு எழுதினது உண்மையான பிழை. கறி அப்பிடியில்லை. ஹம்மர்பெஸ்டிலை அம்மா தூள்ப்போத்திலிலை 'கறித்தூள்' எண்டு எழுதி ஒட்டியிருந்தவ. நான் எழுத்துக்கூட்டி வாசிச்ச முதல் தமிழ்ச்சொல்லே அதுதான். சரியா எழுதியிருந்தா இவர் வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்திருப்பார். பிழையா எழுதினா என்னவெண்டாலும் கேக்கத்தானே வேணும்."