பேய்க்கணவாய்க்குக் கடல் தண்ணீர்

எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாயின் விந்தணு எப்படி உருவாகிறது என்பதுதான் என் முதுமாணி ஆய்வு. உருண்டையாகத் தொடங்கும் உயிர்க்கலம் மெல்ல நீண்டு, தலை திருகாணிபோல முறுகி, வால் முளைக்கும் வரை எல்லாக் கட்டத்துக்கும் படம் வைத்திருந்தேன். உயிரோடு நீந்தும் ஒன்றின் படம் மட்டும் இல்லை. திங்கட்கிழமை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அதைக் காட்டாவிட்டால் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். மாரிக் கடலோ படகுகளை விடவில்லை.

சனிக்கிழமை காலை மீன்காரர் கரைக் கற்களுக்குள் பிடிபட்ட ஒரே ஒரு பேய்க்கணவாயோடு வந்தார். வலப்பக்கத்து மூன்றாவது கையைத் தூக்கிப் பார்த்தேன். நுனியில் உறிஞ்சிகள் இல்லை. சின்னக் கரண்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஆண்தான்.

“ஆம்பிளையா பொம்பிளையா எண்டு பாத்தா ரீச்சர் கறி காய்ச்சுற?”

“கறிக்கில்ல. படம் எடுக்கப்போறன்.”

“கலியாணம் பேசவா?”

குசினி மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்தேன். விந்தணுக்கள் நூல்போன்ற மெல்லிய குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். கடல் தண்ணீர் பட்டால் குழாய் தானாக வெடித்து அவற்றை வெளியே தள்ளும். இந்த ஆணிடம் மூன்று குழாய்கள் இருந்தன. ‘கடல் நீர்’ என்று நான் எழுதி ஒட்டிய போத்தலை முதல்நாளே என் கணவர் நிரப்பி வைத்திருந்தார்.

போத்தல் தண்ணீர் விட்ட முதல் குழாயில் தலைகள் ஊதி, வால்கள் சுருண்டு கிடந்தன. இரண்டாவதும் அப்படியே. தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன்.

“இது எங்க எடுத்த தண்ணி?”

“பின்னால ஆத்துலதான். உப்புத் தண்ணிதானே?”

நாங்கள் ஆறு என்று சொல்வது கடலோடு சேரும் வாவியை. கோடையில் கரிக்கும். மாரியில் வெள்ளம் வந்து சேர்ந்தால் உப்பு போய்விடும்.

“இஞ்ச பாருங்க, இதுல இப்ப சர்பத் கரைக்கலாம்.”

“சித்திரையில உப்பாத்தானே கிடந்த!”

“இது மார்கழி.”

அவர் மழைக்குள் மோட்டார் சைக்கிளை எடுத்தார். திரும்பி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் உண்மையான கடல் தண்ணீர்.

கடைசிக் குழாயில் ஒரு துளி விட்டேன். குழாய் முனை வீங்கிப் பிதுங்கியது. திருகாணித் தலைகள் வாலை அடித்துக்கொண்டு புறப்பட்டன. போனை வைத்துப் பதியத் தொடங்கும்போதே அவருடைய தலை என் தோளுக்கு மேலால் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மண்டபத் திரையில் அவை நீந்தின. இன்னொரு படம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்தத்தான் மறந்துவிட்டேன். விந்தணு ஒன்று ஓரத்தில் முட்டி நின்றபோது ஒலிபெருக்கியில் என் கணவரின் குரல் கேட்டது:

“நிக்காத மகன், போ! உனக்காகத்தான் நான் நனைஞ்ச.”