நரிக் கோயில் பிரசாதம்

எங்கள் தாத்தா தன் வாழ்நாளில் இறால் சாப்பிட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அது இறால் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அப்போது நாங்கள் துபாயில், சத்வாவில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். ஹாலில் அவளுக்கும் எனக்கும் ஒரே மெத்தை. அந்த வருட லீவில் அவள் மதுரைக்குப் போய், தாத்தா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்திருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தன்னந்தனியாக ஜப்பானுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அதற்காகத்தான் போனாள் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா அவள் பெட்டி கட்டும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், அவள் திரும்பி வந்த பிறகும் இறக்கவில்லை.

சித்தி அங்கே எடுத்த படம் ஒன்று எப்படியோ பெரிய மாமாவின் போனுக்குப் போய், அங்கிருந்து தாத்தாவின் கைக்கும் போய்விட்டது. ஒரு பெரிய சிவப்பு வாசல். இரண்டு பக்கமும் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள். நடுவில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சித்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி.

வெள்ளிக்கிழமை தாத்தா அம்மாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"அவ வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். விசாவைக் கேன்சல் பண்ணிட்டு அடுத்த பிளைட்ல ஏத்தி விடு."

சித்தி தலையணையைக் கட்டிக்கொண்டு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இனி என் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்ற கவலையில் எனக்கு அழுகை வந்தது. அம்மா அவளை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்பா, அது கோயில்ப்பா. வேண்டுதல்னு போனா. முன்கூட்டியே வெளிய சொல்லக் கூடாதுல்ல, அதான் சொல்லல."

"என்ன சாமி?"

அம்மா சித்தியின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"வாசல்ல நரி நிக்கிது பாருங்க. நம்ம ஊர்ல நரியைப் பரியாக்கினாரே, அவரேதான். அங்க வேற பேரு."

ஒவ்வோர் ஆவணியும் அந்தத் திருவிளையாடலைக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்துவிட்டு வரும் மனிதர், அதற்கு மேல் என்ன சொல்வார்? சாமியை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"துணைக்கு ஆளு இல்லாமயா போனா?"

"தனியாப் போனாத்தான் பலிக்குமாம்ப்பா."

"சரி சரி. பிரசாதம் குடுத்திருப்பாங்கல்ல?"

"இல்லாமலா? மேல் வீட்டு அண்ணன் இன்னிக்கு மதுரைக்குக் கிளம்புறாரு. குடுத்து விடுறேன்."

போனை வைத்ததும் அம்மா சித்தியின் பக்கம் திரும்பினாள். "கோயிலுக்குப் போயிட்டு வெறுங்கையோடவாடி வந்த?"

"அங்க அதெல்லாம் தரலக்கா. காசைப் போட்டேன், ரெண்டு தடவை குனிஞ்சேன், ரெண்டு தடவை கை தட்டினேன், மறுபடி குனிஞ்சேன். அவ்வளவுதான்."

பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில், கிளினிக்கில் கொடுக்க ஏர்போர்ட்டில் வாங்கிய அரிசி பிஸ்கட் பாக்கெட் ஒன்று அகப்பட்டது. உள்ளே ஒவ்வொன்றையும் ஜப்பான் எழுத்துப் போட்ட தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தார்கள். வெளி உறையின் மூலையில் மட்டும் சின்னதாக ஒரு படம்.

"அம்மா, இதுல எறா படம் போட்டிருக்கு" என்றேன்.

அம்மா உறையை வாங்கிப் பார்த்தாள். "அது எறா இல்ல, பூவுடி" என்று சொல்லிக் கசக்கிக் குப்பையில் போட்டாள். பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கிச் சாமி முன்னால் வைத்தாள். எங்கள் வீட்டுச் சாமி சமையலறை அலமாரியில், குக்கருக்குப் பக்கத்தில் இருந்தார். சூடம் ஏற்றினால் புகை அலாரம் அடித்து வாட்ச்மேன் ஓடி வருவார் என்பதால் பேட்டரி விளக்குதான். கும்பிட்டு முடித்து, முதல் பிஸ்கட்டைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு தானே தின்றாள். பிறந்ததிலிருந்து சைவமான அம்மாவுக்கு இறால் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியவில்லையே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாத்தாவின் குரல் இறங்கியிருந்தது. "லேசாக் கரிக்குது. ஆனா நல்லாருக்கு" என்றார். தெருவுக்கே ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாராம். விசாவைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை. சித்தி வேலையில் நீடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டுதல்கள் கூடிக்கொண்டே போயின. எல்லாம் விமானம் ஏறிப் போய்த்தான் கும்பிட வேண்டிய சாமிகள்.

இந்த வருடம் நானும் தனியாக அந்தச் சிவப்பு வாசலுக்குப் போனேன். சித்தி சொன்னபடியே குனிந்து, கை தட்டி, வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றாமல் நன்றி மட்டும் சொன்னேன். நரிகளுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். யாரோடு போனாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

"பிரசாதம் வாங்கிட்டியாடி?" என்றாள்.

சத்வாவில் பள்ளிப் பேருந்திலிருந்து என்னை இறக்கிக் கூட்டி வரும் வழியில் ஒரு மீன் கடை உண்டு. வாசலிலேயே ஐஸ் மேல் இறாலைக் குவித்து வைத்திருப்பார்கள். அம்மா தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டித்தான் என்னைக் கூட்டி வந்தாள். அவள் எதைத் தெரிந்தே தின்றாள், யாருக்காகத் தின்றாள் என்பது எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை.