'சரிதான்' என்று சொல்ல ஒருவர்

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு துக்க வீடு. சைக்கிள் கடை ஞானமுத்து போய்விட்டார். ஜெபம் முடிகிற நேரத்தில் வாசலில் சின்னச் சலசலப்பு... டெய்லர் தேவசகாயம் வந்து நின்றார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். காரணம் இருக்கிறது.

இருவரும் கிறிஸ்தவர்கள். ஆனால் வேறு வேறு சபை. ஞானமுத்துவுக்குக் கடவுள் ஒருவர், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருப்பவர். தேவசகாயத்துக்கு மூவர் என்ற பேச்சே கிடையாது. இருப்பவர் ஒருவரே, அவர் பெயர் இயேசு.

ஞாயிறு மாலை, பூட்டிய சைக்கிள் கடை வாசலில் விவாதம் நடக்கும். எந்தச் சபையையும் சேராத நானும் வேடிக்கை பார்க்கப் போவேன்.

அவர்களுக்குள் ஒரு சட்டம். மறுத்துப் பேசுவதற்கு முன், அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "சரிதான்" என்று தலையாட்டினால்தான் மறுக்கலாம். சுலபம் என்கிறீர்களா? வீட்டில் மனைவியிடம் முயன்று பாருங்கள், தெரியும்!

"உலகமே இல்லாதப்பவும் கடவுள் அன்பாத்தானே இருந்தாரு? யார் மேல? குமாரன் மேல, மாப்ளே!" — இது ஞானமுத்து.

"சிலுவையில தொங்க வேற ஆளை அனுப்பல மாப்ளே. அவரே வந்தாரு. எனக்கு அதான் பெருசு" — இது தேவசகாயம்.

யாரும் மாறவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஊர் விடுமா? இரண்டு சபையிலும் சில உற்சாகிகள் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பொட்டலில் மேடை போட்டு, மைக் கட்டி, பொது விவாதம் வைத்துவிட்டார்கள். எரியோடு, வத்தலக்குண்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஞானமுத்து பேசி முடித்தார். தேவசகாயம் எழுந்து வழக்கம்போல, "மாப்ளே என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அவங்க கட்சியை நீ எதுக்குய்யா பேசுற? நம்ம பேச்சைப் பேசு!" — கத்தியது அவருடைய ஆட்களேதான்.

மனிதர் தடுமாறிவிட்டார். "மூணு சாமி கும்பிடுறவங்ககிட்ட என்னத்தப் பேச?" என்று ஒரே போடாகப் போட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. ஞானமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் ஒருநாளும் மூன்று சாமி என்று சொன்னதில்லை. அது தேவசகாயத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு பேர் பேசியவரை அது நட்பு. கூட்டம் கேட்க வந்ததும் கட்சி.

பிறகு பேச்சு நின்றது. சமாதானம் பேசப் போன என்னிடம் ஞானமுத்து கேட்டது ஒன்றுதான்: "நான் சொன்னதை அவன் வந்து சரியாச் சொல்லட்டும். அம்புட்டுதான்."

தேவசகாயத்திடம் சொன்னேன். "வாரேன், வாரேன்" என்றார். வெட்கம்... ஆள் வரவே இல்லை.

இப்போது வந்தார். பெட்டியருகே நின்று, எல்லார் முன்னாலும் உரக்கச் சொன்னார்: "மாப்ளே சொன்னது மூணு சாமி இல்ல. கடவுள் ஒருத்தருதான். பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேரா இருந்தாலும் ஒருத்தருதான். உலகம் இல்லாதப்பவும் அவருக்குள்ள அன்பு இருந்துச்சு. இதான் மாப்ளே சொன்னது."

ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்தும் நகராமல், பழைய பழக்கத்தில் ஞானமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலையாட்ட வேண்டியவர் அசையாமல் படுத்திருந்தார்.