கதவு திறக்கவில்லை என்றேன்

பச்சை வர்ணம் உரிந்த ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் மீன்முள்போல் ஏரியல். எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்துக்குப் பின்னால், மேட்டில் நட்டிருந்தார்கள். சுற்றிலும் மலை. பனிமூட்டம் இறங்கினால் மண்டபத்துத் தொலைக்காட்சியில் முகங்கள் கரைந்து வெறும் புள்ளிகள் ஓடும். யாராவது ஒருவர் வெளியே நின்று அந்தக் குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்தவரை எல்லோரும் ஏரியல் அண்ணன் என்றார்கள். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அவர் சிறையிலிருந்து வந்தவர்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். கள்ளுக்கடைச் சண்டையில் ஒருவனைப் பிடித்துத் தள்ள, அவன் தலை கல்லில் மோதி இறந்துபோனான். ஆறு வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவர், மனைவி மகள் முகத்தில் விழிக்கத் துணியாமல் மலையேறி, எங்கள் தோட்டத்தில் கொழுந்து மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வாரம் மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்தார். பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டு பாயோடு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். அடுத்த வாரம் அவராகவே மேட்டுக்குப் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், வியாழக்கிழமை மாலைகளில் அப்போது ஓடிய தொடரும் அதே கதைதான். கொலைக் குற்றத்துக்குத் தண்டனை முடிந்து வந்த ஒருவன். பழைய கூட்டாளிகள் மறுபடியும் தொழிலுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் அவன் பின்னாலேயே அலைகிறார். நல்ல வழியா கெட்ட வழியா என்று வாராவாரம் அவன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மனைவி வீட்டு வாசல்வரை போய் அவன் திரும்பும்போதெல்லாம் மண்டபமே மூக்கைச் சிந்தும். "பாவம் லா, எத்தன நாளைக்குத்தான் அவன ஒதுக்கி வைப்பாங்க?" என்று கங்காணியின் மனைவி அழுவார். அழுத கையோடு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏரியல் அண்ணே, சோத்தாங்கை பக்கம் கொஞ்சம் திருப்புங்க!" என்று கத்துவார். தூறலில் நிற்கும் மனிதர் திருப்புவார்.

மேட்டில் நிற்பவருக்குப் படமும் தெரியாது, வசனமும் எட்டாது. அவருக்குக் கதை சொன்னது நான். அப்போது நான் ஆயாக்கொட்டகையில் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இருபத்தெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பேச்சு வராத குழந்தைகளோடு பகலையும், நான்கு சுவர்களோடு மீதியையும் கழித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகைக்கு விறகு பிளந்துபோட அவர் வருவார். "நேத்து என்னாச்சு தங்கச்சி?" என்பார். அரைமணி நேரக் கதையை நான் ஒரு மணி நேரம் சொல்வேன். கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். இதைக் காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் பேசியதை ஒருவர் உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் தள்ளினேன்.

தொடர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சொன்னார்: "அந்தப் பொம்பள கதவத் தொறந்துட்டான்னா, நானும் ஒரு தரம் தாப்பா போய்ப் பாக்கலாம்னு இருக்கேன் தங்கச்சி."

கடைசி வாரம் கதவு திறந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். மண்டபம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆனது. மறுநாள் காலை அவர் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததுமே தாப்பாவுக்குக் கிளம்பிவிட்டார் என்று புரிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரிடம் பேசுவேன் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

"தொறக்கல அண்ணே. உள்ளருந்தே போகச் சொல்லிட்டா."

"கை தட்டுன சத்தம் கேட்டுச்சே?"

"இன்ஸ்பெக்டர் நல்லா பேசுனாரு. அதுக்குத்தான்."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விறகு பிளக்கத் தொடங்கினார். தொலைக்காட்சிக் கதையை நம்பி எவனாவது வாழ்க்கையை முடிவு செய்வானா என்று கேட்பீர்கள். பயந்தவனுக்கு ஒரு சாக்குப் போதும். அந்தச் சாக்கை நான் கொடுத்தேன். வேறு யாரும் அவரிடம் பேசாததால் என் பொய் உடையவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே தொடரை மறுபடியும் போட்டார்கள். அதற்குள் புதிய ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று வந்து படம் தெளிவாகிவிட்டதால் குழாயைப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. அவர் மண்டபத்துக்குள்ளேயே, வாசலோரமாக உட்கார்ந்து பார்த்தார். முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட அத்தனை வெள்ளிக்கிழமைகள் இருந்தன, எனக்குத்தான் வாய் வரவில்லை. கடைசி வாரம் கதவு திறந்தபோது நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். நான் அந்தக் கதையைப் பார்த்தே இராதவள்போல, மெதுவாக எனக்குச் சொன்னார்: "தொறந்துட்டா தங்கச்சி. ஒண்ணும் பேசல. அப்படி ஒதுங்கி நின்னா." அன்றைக்கு விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் தாப்பாவுக்கு இறங்கிப் போனார்.

மறுவாரம் சாமான்களை எடுத்துப்போக மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இவருக்கு இங்க பேச்சுத்துணையே நீங்க ஒருத்தர்தானாம். நீங்க நல்லா இருக்கணும் தங்கச்சி." பிறகு, "இந்தத் தை மாசந்தான் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சது. அதுவரைக்கும் யாரு கதவத் தட்டுனாலும் அவதான் மொதல்ல ஓடுவா, அப்பாவா இருக்கும்னு. தாரை வார்க்கக்கூட எங்க அண்ணந்தான் நின்னாரு" என்றார்.

நான் ஏரியல் அண்ணனைப் பார்த்தேன். என் பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் என் கைகளை உதறியிருப்பார். அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

இப்போது பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். தொலைக்காட்சியில் எத்தனையோ அலைவரிசைகள், பார்த்த கதையைச் சொல்லத்தான் ஆளில்லை. நான் சொன்ன பொய்யை அவர் கடைசிவரை மனைவியிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த அம்மாள் ஒவ்வொரு தீபாவளிக்கும், 'தங்கச்சிக்கு' என்று எழுதி ஒரு டின் முறுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். பதினோரு வருடம் வந்தது. கொட்டகைக் குழந்தைகளின் அம்மாக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.