இரத்தினசிங்கம் என்று கூப்பிட்டோம்

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அன்று அந்த ஹோலில் நாங்கள் நாற்பத்தாறு பேர் இருந்தோம். எல்லோருக்கும் கேட்டது. இப்போது விசாரித்தால் பாதிப் பேர் மைக்கில் பிழை என்பார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பிழை மைக்கில் இல்லை.

என் பெயர் யதுஷா. வீடு வெள்ளவத்தை, வேலை கொள்ளுப்பிட்டி. எங்கள் அப்பப்பாவுக்கு இரத்தினசிங்கம் என்று ஒரு அண்ணன் இருந்தார். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1944இல் பர்மாச் சண்டையில் இறந்துபோனார். கலியாணம் முடிக்கவில்லை. உடலும் வரவில்லை. ஒரு கடிதமும் ஒரு பதக்கமும்தான் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தன. அப்போது அப்பப்பாவுக்கு ஆறு வயது. அவருக்கு அண்ணனின் முகம்கூட ஞாபகம் இருக்கவில்லை; இப்போது அவரும் இல்லை.

எண்பது வருடம் ஆகிறது, குடும்பம் முழுக்க ஒன்றுசேர வேண்டும் என்று டொரொன்டோவிலிருந்து சாந்தகுமார் சித்தப்பா சொன்னார்.

“நீ கொழும்பிலைதானே இருக்கிறாய் பிள்ளை. ஒழுங்கு செய்.”

ஒழுங்கு செய்! வாயால் சொல்லச் சுகம். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஹோல் பிடித்தது நான். சாப்பாட்டுக்கு ஓடர் கொடுத்தது நான். பனரில் பெயரை ‘ரத்னசிங்கம்’ என்று அடித்துவிட்டார்கள். அதற்கும் ஏச்சு எனக்குத்தான். ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டோம். ஐந்தரைக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். விளக்கை முதலில் ஏற்றுவது யார் என்று இரண்டு மாமிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதியம் நான் சாப்பிடவில்லை. தலை விண்விண் என்று இடித்தது.

5.52க்கு மைக்கை எடுத்தேன்.

“அமரர் இரத்தினசிங்கம் அவர்களின் நினைவாக...”

“ஓம்.”

சின்னப் பிள்ளையின் குரல். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்வது போல. சனம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

5.58. மறுபடியும் பெயரைச் சொன்னேன்.

“ஓம்.”

இந்தத் தடவை சிரிப்புக் குறைவு. 6.04க்கு மூன்றாவது தடவை. அதே குரல். முன்வரிசையிலிருந்து அன்னபாக்கியம் மாமி எழும்பினார்.

“யதுஷா, உந்தப் பிள்ளையளை அடக்க ஏலாதோ? செத்த மனிசன்ரை நிகழ்ச்சியெல்லே இது!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர்கள் கதிரையில் இருந்து கதைக்கிறார்கள், பிள்ளைகளையும் நான்தான் பார்க்க வேண்டுமா? சவுண்ட் போட வந்த மர்ஸூக் நானாவிடம் போனேன்.

“வேறை மைக் ஏதும் ஓனிலை இருக்கோ?”

“இல்ல தங்கச்சி. ஒங்கட கைல ஈக்கிற ஒண்டுதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அது ஸ்பீக்கரால வரல்ல.”

பிள்ளைகள் எல்லோரையும் பிடித்து வந்து முன்வரிசையில் இருத்தினேன். ஏழு பேர். எண்ணிப் பார்த்தேன். ஏழேதான்.

“ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. விளங்குதோ?”

6.11. ஏழு வாய்களையும் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னேன்.

“ஓம்.”

ஏழு வாய்களும் மூடியிருந்தன.

ஐந்து வயதுச் சிவானி எனக்குப் பக்கத்தில், கீழே, எதையோ பார்த்தாள். பிறகு அடுத்த கதிரையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கோ இடம் விடுவது போல...

டொரொன்டோவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டேன். அவர் பேச்சை ஆரம்பித்தார். “எங்கடை பெரியப்பா இரத்தினசிங்கம்...”

“ஓம்.”

சித்தப்பா நிறுத்தினார். இப்போது அந்தக் குரலில் சலிப்பு இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் வரும் சலிப்பு.

“மௌனத்தைச் செய்து முடிப்பம்,” என்றார் அவசரமாக. “படைவீரர் இரத்தினசிங்கத்துக்கு இரண்டு நிமிஷம்.”

6.14.

எல்லோரும் எழும்பினோம். மர்ஸூக் நானா சவுண்டை முழுதாக நிறுத்தினார்.

கல்கிசைப் பக்கம் போகும் ரயில் கடந்து போனது. பிறகு கடல் இரைச்சல் மட்டும்.

அப்போது கேட்டது.

வெறுங்கால்... தரையில்...

டப்... டப்... டப்...

பின்வரிசையிலிருந்து முன்னுக்கு.

எனக்கு முன்னால் நின்றது.

என் சேலைக் கொசுவத்தை ஏதோ பிடித்து இழுத்தது. கீழ்ப்பக்கமாக. இரண்டு தரம்.

“ஓம்... ஏன் கூப்பிடுறியள்?”

நான் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்க முடியவில்லை.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஒருவரும் நடந்ததைப் பற்றிக் கதைக்கவில்லை. “நல்ல சவுண்ட்காரனாப் பிடிச்சிருக்கலாம்,” என்று மாமி மட்டும் என் காதுபடச் சொன்னார். அழுகை வந்தது. பயத்திலா, கோபத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சித்தப்பா போனில் எடுத்த வீடியோவை இரவு பார்த்தேன். அதில் அந்தக் குரல் இல்லை. ஆனால் நான் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சனம் ஒரே இடத்தைப் பார்க்கிறது. எனக்கு இடப்பக்கம். என் இடுப்பளவு உயரத்தில்.

குடும்ப மரம் போடுவதற்காக அப்பா பதிவாளர் கந்தோரில் இரத்தினசிங்கத்தின் பிறப்புப் பதிவைக் கேட்டிருந்தார். அதைத் தேடியபோது அதே பெயரில் இன்னொரு பதிவும் கிடைத்தது. பதினொரு நாள் கழித்து இரண்டு பிரதியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

முதலாவது பிறப்புப் பதிவு. 1921, கொட்டாஞ்சேனை.

இரண்டாவது இறப்புப் பதிவு. அதே பெயர், அதே தாய் தகப்பன், அதே வீட்டு முகவரி. வருடம் 1927. காய்ச்சல். வயது ஆறு.

“அப்ப பர்மாவுக்குப் போனது ஆர் அப்பா?”

அப்பா இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடுத்த தம்பியாத்தான் இருக்கவேணும். வயசு காணாமல், செத்த தமையன்ரை பிறப்புப் பத்திரத்தைக் காட்டிச் சேர்ந்திருப்பான். கடிதமும் அந்தப் பேரிலைதானே வந்தது. உன்ரை அப்பப்பா அப்ப சின்னப்பிள்ளை, கடிதத்திலை இருந்த பேரைத்தான் திவசத்துக்கும் சொல்லிவந்தார்.”

அந்தத் தம்பியின் பதிவை எங்கெங்கோ தேடினோம். கிடைக்கவில்லை. சண்டையில் செத்தவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. அவரை நாங்கள் ஒருநாளும் கூப்பிட்டதே இல்லை.

எண்பது வருடமாக, ஒவ்வொரு திவசத்துக்கும், அந்த ஆறு வயதுப் பிள்ளையைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.