நீலப் பொத்தான் வைத்த ஆஸ்பத்திரிச் சட்டை

ஞாயிறு பள்ளியில் உங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற எஸ்தர் அக்காவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அவளுடைய அப்பாவாகிய எனக்கு வீடு இல்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை வாசலில் படுத்துத் தூங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இதை மறைத்தவன் நான். மறைத்ததால் ஒரு மனிதருடைய கால் போகப் பார்த்தது. இனிமேல் மறைப்பதாக இல்லை.

பிள்ளைகளே, நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் எஸ்தர் திருத்தியிருப்பாள். விஷயத்தில் தப்பு இல்லை.

1978 கடைசியில் நான் வேலை பார்த்த மரப்பட்டறையை மூடினார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் குடியிருப்பையும் இடித்தார்கள். என் மனைவி எஸ்தரைக் கூட்டிக்கொண்டு குவீன்ஸ்டவுனில் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அது ஓரறை வீடு. அங்கே ஏற்கெனவே ஐந்து பேர். என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஒரு தடவை உள்ளே பார்த்தேன், புரிந்துகொண்டேன். எஸ்தரிடம், அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது, ராத்திரி முழுக்க டியூட்டி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்றேன். அது பொய்.

கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதே, அதை நாங்கள் அஞ்சடி என்போம். அங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்து படுப்போம். பகலில் தேக்கா பசாரில் காய்கறிக் கூடை தூக்குவோம். விடிவதற்கு முன்னால் கடைக்காரர் வந்து அஞ்சடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அவர் கெட்டவர் இல்லை. அது அவர் கடை. ஆனால் நாங்கள் தினமும் ஈரத்தில்தான் காலை வைக்க வேண்டும்.

எங்களில் மூத்தவர் மாணிக்கம் அண்ணன். அவருக்குச் சர்க்கரை வியாதி. கூடை தூக்கும்போது ஒரு நாள் பலகை ஆணி உள்ளங்காலில் குத்தியது. ஒரு பொட்டு அளவு புண். அது ஆறவே இல்லை.

கிளினிக்குக்குப் போக எங்களுக்குப் பயம். வீடில்லாதவன் என்று தெரிந்தால் வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போய் ஒரு இல்லத்தில் வைத்துவிடுவார்கள், சீக்கிரம் வெளியே வர முடியாது என்று பேச்சு. அது எவ்வளவு உண்மை என்று யாரும் விசாரிக்கவில்லை. பயந்தவனுக்குப் பேச்சே போதும். எனக்கு எஸ்தரைப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்கிற பயம்.

அதனால் ஒரு வழி செய்தோம். கிறிஸ்மஸுக்கு யாரோ சபையில் கொடுத்த ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை எங்களிடம் இருந்தது. மூன்றாவது பொத்தான் மட்டும் நீலம். அதை இஸ்திரிக் கடையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். யாருக்குக் கிளினிக் போக வேண்டுமோ அன்றைக்கு அவருக்குச் சட்டை. எனக்கு அது மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். மாணிக்கம் அண்ணன் கையை மூன்று மடிப்பு மடிப்பார். ஒரே நாளில் இரண்டு பேருக்கு நோவு வரக்கூடாது என்று எங்களில் ஒருவனான ராயப்பன் சட்டம் போட்டிருந்தான். கிளினிக் அட்டையில் எழுத விலாசம் கேட்டால் நாங்கள் படுக்கிற கடையின் நம்பரைச் சொல்வோம். கிளினிக்கிலிருந்து வருகிற கடிதங்கள் கடைக்காரரின் குப்பைக்கூடைக்குப் போயின.

அந்தச் சட்டையைப் பார்த்தால் யாரும் எங்களை அஞ்சடி ஆள் என்று சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அதில் பெருமை. அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு.

மாணிக்கம் அண்ணன் புண்ணைக் காட்டப் போனபோது டாக்டர் அந்தச் சட்டையைப் பார்த்தார். வீடு உள்ள மனிதர் என்று நம்பினார். வீட்டில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், ஈரம் படக் கூடாது, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள், இரண்டு வாரம் நடக்காதீர்கள் என்றார். மாணிக்கம் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர் என்றார். வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த என்னைப் பார்த்தார்.

"தலையணைக்கு எங்கடா போறது? உன் தலைய வச்சுக்கட்டுமா?"

இருவரும் சிரித்தோம். மறுநாள் விடிகாலை கட்டு நனைந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு கூடை தூக்கப் போனார். இப்படியே மூன்று மாதம். முதலில் ஒரு கால்விரலை வெட்டி எடுத்தார்கள். பிறகு இன்னொன்று. இரண்டு தடவையும் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பினார்கள். அவர் அஞ்சடிக்கு வந்தார்.

அந்த நாட்களில் நான் ஜெபம் பண்ணாமல் இல்லை. தினமும் பண்ணினேன். ஆண்டவரே, எங்களை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று கேட்டேன். கர்த்தர் அந்த ஜெபத்துக்குச் செவிகொடுக்கவில்லை. அதற்காகவே அவருக்கு முதல் நன்றி.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இருமல். சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கட்டுப் போடுகிற அறையில் ரோஸ்லின் மிஸ்ஸி இருந்தார். நர்ஸைத்தான் அப்போது எல்லாரும் மிஸ்ஸி என்போம். அதிகம் பேசாதவர், கண்டிப்பானவர். என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த நீலப் பொத்தான போன வாரம் மாணிக்கம் மேல பாத்தேன். அதுக்கு முந்தி ஒரு ஒல்லி ஆள் மேல பாத்தேன். எத்தன பேருக்கு ஒரு சட்ட?"

நான் தரையைப் பார்த்தேன். என்னை அவர் திட்டவில்லை. உள்ளே போய் மாணிக்கம் அண்ணனுடைய அட்டையை எடுத்து வந்தார். அதில் இங்கிலீஷில் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டி அர்த்தம் சொன்னார். சொன்னபடி நடக்காத நோயாளி. வரச்சொல்லி எழுதிய கடிதங்களுக்கும் வரவில்லை. கீழே இன்னொரு வரி. அடுத்த வாரம் பெரிய டாக்டர் பார்த்து, முழங்காலுக்குக் கீழே எடுப்பதா என்று முடிவு செய்வார்.

"டாக்டருக்கு உண்மை தெரியாது. தெரியாதவர் எப்படிச் சரியா மருந்து குடுப்பார்? சனிக்கிழமை மத்தியானம் சமூக மன்றத்துல கூட்டம் இருக்கு. கிளினிக்ல என்ன குறைன்னு வட்டாரத்து ஆளுங்ககிட்ட கேக்கறாங்க. டாக்டரும் வர்றார். நீங்களும் வட்டாரத்து ஆளுங்கதான?"

பிள்ளைகளே, எங்களை வட்டாரத்து ஆள் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

அந்தக் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை, யாராவது பார்ப்பார்களே என்று. ஆண்டவரே, இனி எங்களை மறைக்க வேண்டாம். எனக்கு ஒரு வாயைக் கொடும். அவர் காலை அவருக்கு விட்டுவிடும். இவ்வளவுதான் கேட்டேன். அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. கோபம் ஜெபத்தில் வரலாமா என்று பிறகு பாஸ்டரிடம் கேட்டேன். தாராளமாக வரலாம் என்றார்.

மாணிக்கம் அண்ணனிடம் சொன்னபோது அவர் முருகன் படத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். "நீ உன் ஆண்டவர்கிட்டச் சொல்லு. நான் இவர்கிட்டச் சொல்றேன். யாருக்கு நேரம் இருக்கோ வரட்டும் லா."

ராயப்பன் வர மாட்டேன் என்றான். வண்டி வரும் என்று சொல்லி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டான். அவனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவன் பெயரை இன்றும் ஜெபத்தில் சொல்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. மாணிக்கம் அண்ணன் வழக்கம்போல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையை மூன்று மடிப்பு மடித்து, தயாராக நின்றார்.

"அண்ணே, அதக் கழட்டுங்க."

"இன்னிக்குத்தான்டா இது வேணும். அவ்வளவு பேர் இருப்பாங்க. அவமானமா இருக்கும்."

"இந்தச் சட்ட பொய் சொல்லுது, அண்ணே. நாம அங்க உண்மைய சொல்லப் போறோம்."

அவர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கூடை தூக்குகிற கிழிந்த பனியனோடும் கைலியோடும் நடந்தார். நான் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சமூக மன்றத்தில் மேசை விரிப்பு, பூ, மைக் எல்லாம் இருந்தன. நாங்கள் மூன்று பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கிளினிக்கில் மின்விசிறி போதவில்லை என்று ஒருவர் சொன்னார். கூட்டம் அதிகம் என்று ஒருவர் சொன்னார். எல்லாம் நியாயமான குறைகள். பிறகு நான் எழுந்தேன். மிஸ்ஸி முன்னால் போய் நின்று, அவர் தமிழில் பேசுவார், நான் இங்கிலீஷில் சொல்கிறேன் என்றார்.

நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இது நாலு பேருடைய சட்டை என்றேன். இதைப் போட்டுக்கொண்டு நாங்கள் வீடு இருப்பதுபோல் நடித்தோம். எங்கள் விலாசம் பொய். நாங்கள் படுப்பது அஞ்சடி. ஈரம் படாமல் வை என்று எழுதித் தருகிறீர்கள், எங்கள் படுக்கையையே தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். காலை உயர்த்தி வை என்கிறீர்கள், எதன் மேல்? மருந்து சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீடு இருக்கிறவனுக்கு எழுதின மருந்து.

மேசையில் இருந்த அதிகாரி ஒருவர், இப்படிப்பட்டவர்களுக்கென்று இல்லம் இருக்கிறதே, பெயரைக் கொடுங்கள், வண்டி ஏற்பாடு செய்யலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாங்கள் அத்தனை மாதம் எந்த வார்த்தைக்குப் பயந்து ஒளிந்தோமோ அந்த வார்த்தை. எனக்குப் பயம் வரவில்லை. கர்த்தர் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு வாயைக் கொடுத்தார்.

"ஐயா, நாங்க ஒளிச்சு வைக்க இடம் கேட்டு வரல. நாங்க உழைக்கிறோம். இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் சாப்பிட்ட காய்கறி எங்க முதுகுல வந்தது. புண்ணு ஆறுற வரைக்கும் படுக்க ஒரு கட்டில் கேக்கறோம். பிடிச்சு வைக்கிறதுன்னா நாளைக்கு எவனும் கிளினிக் பக்கம் வர மாட்டான். அஞ்சடியிலயே கால் அழுகிச் சாவான்."

அப்போது டாக்டர் எழுந்து எங்கள் வரிசைக்கு வந்தார். சீனர், இளவயது. மாணிக்கம் அண்ணனுடைய காலைப் பார்த்தார், பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். மலாயில் கேட்டார், ஒவ்வொரு தடவையும் ஏன் சரி சரி என்று சொன்னீர்கள் என்று. அண்ணனும் மலாயில்தான் பதில் சொன்னார். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"முடியாதுன்னு சொன்னா வண்டி வரும். சரின்னு சொன்னா கால் போகும். நான் எதச் சொல்றது, டாக்டர்?"

டாக்டர் மிஸ்ஸி கொண்டுவந்திருந்த அண்ணனுடைய அட்டையைக் கேட்டு வாங்கினார். பேனாவை எடுத்து, சொன்னபடி நடக்காத நோயாளி என்று எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் வேறு எழுதினார். படுக்க இடம் இல்லை என்று எழுதினார் என மிஸ்ஸி பிறகு சொன்னார். எல்லார் முன்னாலும் செய்தார். அவருக்காகவும் நான் ஜெபிக்கிறேன்.

திங்கட்கிழமை மாணிக்கம் அண்ணனை வார்டில் சேர்த்தார்கள். இந்தத் தடவை புண் மூடும் வரை வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. தலையணை மேல் காலை வைத்துப் படுத்திருந்தார். பெரிய டாக்டர் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு வாரம் என்றார். கத்தி தேவைப்படவில்லை. கால் தப்பியது. மருந்துதான் ஆற்றியது என்று சிலர் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்த மருந்து வேலை செய்ய ஒரு கட்டில் வேண்டும், அந்தக் கட்டிலைக் கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாயைக் கேட்டுத்தான் நான் ஜெபித்தேன்.

மற்றவை ஒரே நாளில் நடக்கவில்லை. அட்டையில் எங்கள் சபையின் விலாசத்தை எழுதிக்கொள்ளலாம் என்று பாஸ்டர் ஒப்புக்கொண்டார், கடிதங்கள் வரத் தொடங்கின. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கட்டுப் போடும் அறையை அரை மணி நேரம் முன்னதாகத் திறக்க வைக்க ஒரு வருஷம் ஆனது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனோம். எங்களைக் கண்டதும் சிலர் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

கூட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குவீன்ஸ்டவுனில் எஸ்தரிடம் உண்மையைச் சொன்னேன். வாட்ச்மேன் வேலை இல்லை, அப்பா கடை வாசலில் படுக்கிறேன் என்றேன். அவள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப மழ பேஞ்சா?" நனைவேன் என்றேன். அதற்குப் பிறகு அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. 1982-இல் கிளமெண்டியில் எங்களுக்கு வாடகை வீடு கிடைத்தது. மறு வருஷம் மாணிக்கம் அண்ணனுக்கும் அதே பிளாக்கில் இன்னொரு பெரியவரோடு சேர்ந்து ஒரு வீடு.

அவர் கிறிஸ்தவரானாரா என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். ஆகவில்லை. கர்த்தர் மதம் கேட்டு அந்தக் காலைக் காப்பாற்றவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் கஷ்டம் இருக்கலாம். அதை மறைக்கச் சொல்லி ஜெபிக்காதீர்கள். நான் அதைச் செய்து பார்த்தவன். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய், கேட்க வேண்டிய மனிதர்களிடமும் அதையே சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஆண்டவர் உங்கள் கூட நிற்பார். என்னோடு நின்றார்.

அந்தச் சட்டை என்ன ஆனது என்று கேட்பீர்கள். நீலப் பொத்தானை எஸ்தர் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாள். மீதியை மாணிக்கம் அண்ணன் வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசலில் மிதியடியாகப் போட்டிருக்கிறார். வெளியே போய் வந்தால் அதில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.