அளக்காமல் விட்ட எறிதல்

சிவப்புக் கொடி உயர்ந்ததை நாங்கள் ஒரு கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தோம். புத்தளம் பக்கக் கரைத்தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையில் சாய்த்து வைத்த தொலைபேசியைச் சுற்றி உம்மா, வாப்பா, நான், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆசிய அளவிலான மெய்வல்லுநர் போட்டி, ஆண்களுக்கான குண்டு போடுதல். திரையில் எங்கள் நானா. என்னோடு கூடப்பிறந்த மூத்தவர். இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்துக் குனிந்து, சறுக்கி, திரும்பி எறிந்தார். குண்டு அவர் வாழ்நாளில் எறிந்திராத தூரத்தில் போய் விழுந்தது. உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முடிப்பதற்குள் வட்டத்தின் ஓரம் இருந்த நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். நானாவின் கால் வட்டத்தின் முன்னால் இருக்கும் மரத்தடுப்பின் மேல் பட்டுவிட்டதாம். பட்டால் அந்த எறிதல் செல்லாது, அளக்கவும் மாட்டார்கள்.

நானா இரண்டு கைகளையும் விரித்து நடுவரிடம் ஏதோ சொன்னார். பிறகு பார்வையாளர் பக்கம் திரும்பினார். எங்கள் நாட்டு அணிக்காரர்கள் இருக்க வேண்டிய இடத்தைத்தான் அவர் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு மனிதரும் இல்லை. அதற்குள் ஒருவர் வந்து குண்டு விழுந்த குழியை மட்டப்பலகையால் இழுத்து மூடிவிட்டார்.

நானா எப்படி அந்த இடம் வரைக்கும் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் தொண்ணூறில், போர்க்காலத்தில், வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். நானா வளர்ந்ததும் கற்பிட்டிப் பக்கம் வெங்காய மூட்டை ஏற்றப் போவார். பின்னேரம் வந்து களப்போரம் திறந்து கிடந்த வெட்டையில் குண்டு எறிவார். குண்டு விழும் இடத்தில் எப்போதும் கழுதைகள் நிற்கும். அவற்றை விரட்டிவிட்டு வந்து எறிவார். குண்டை எடுக்கப் போகும்போது மறுபடி கழுதைகள் வந்திருக்கும். பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. தொலைபேசியில் வெளிநாட்டுக்காரர்கள் எறிவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதைத் தன் உடம்பில் செய்து பார்த்தவர் அவர். தேசியப் போட்டியில் முதலாவதாக வந்தபோது கொழும்பு மைதானத்தில் அவருக்காகக் கைதட்ட நானும் வாப்பாவும்தான் இருந்தோம்.

அணிக்கு முகாமையாளராகப் போனவர் வெளியாள் இல்லை. எங்கள் மாவட்டத்துக்காரர், எங்கள் பள்ளிவாசலில் தொழுதவர், விளையாட்டுத்துறையில் பெரிய கதிரைக்குப் போனவர். புறப்படுவதற்கு முன் வீட்டுக்கே வந்து தேத்தண்ணி குடித்தார். "யோசிக்காதீங்க காக்கா, அவன் என்ட மகன் மாதிரி" என்று, வாப்பாவை அண்ணன் முறை வைத்து, கையைப் பிடித்துச் சொன்னார். எறிபவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் கூடப் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் முகாமையாளரின் மச்சான் போனார். அவருக்குக் குண்டுக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னவோ.

அன்று மாலை நானா அழைத்தார். அவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கால் படல்ல புள்ள. அல்லாஹ் மேல ஆணையா கால் படல்ல."

"நீங்க சொல்லல்லயா?"

"சொன்னேன். 'நோ சேர், நோ சேர்' எண்டேன். அதுக்கு மேல எனக்கு இங்கிலீசு வரல்ல. நம்மட ஆக்கள் ஒருத்தராவது வந்து பேசியிருந்தா அளந்து வச்சிருப்பாங்க. பக்கத்து நாட்டுப் பொடியன் ஒருத்தனுக்கும் இப்பிடித்தான் கொடி தூக்கினாங்க. அவன்ட கோச் ஓடி வந்து கத்தினார், அளந்தாங்க, பிறகு வீடியோவைப் பாத்து சரியெண்டு எடுத்தாங்க."

"சேர் எங்க போனார்?"

"சாமான் வாங்கப் போனாங்களாம். பின்னேரம் பேக் நிறையக் கொண்டு வந்தாங்க" என்றார்.

மறுநாள் கட்டாரிலிருந்த எங்கள் சாச்சாவின் மகன், வாப்பாவின் தம்பி பிள்ளை, ஒளிபரப்பிலிருந்து அந்த எறிதலை எடுத்து மெதுவாக ஓடவிட்டு அனுப்பினார். நானாவின் சப்பாத்து முனை மரத்தடுப்பின் உட்பக்கச் சுவரில் முட்டி நிற்கிறது. முட்டலாம், அது குற்றமில்லை. மேல்பக்கம் படவேயில்லை. தடுப்பின் மேல்விளிம்புக்கும் சப்பாத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. அந்த எறிதலை அளந்திருந்தால் அவர் முதல் எட்டுப் பேருக்குள் வந்து இன்னும் மூன்று தடவை எறிந்திருப்பார். வென்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. எறிந்திருப்பார் என்றுதான் சொல்கிறேன்.

நடுவர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு கண நேரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்பவர் அவர், பிழைக்கலாம். பிழைத்தால் கேட்பதற்குத்தானே ஆளை அனுப்புகிறார்கள்! கேட்பதற்காகவே விமானம் ஏறிப் போன மனிதர், கேட்க வேண்டிய நேரத்தில் கடைத்தெருவில் நின்றார். நாடு திரும்பி வந்ததும் அவர் செய்தது அதைவிட மோசம். பத்திரிகைக்காரர்களிடம், "பிள்ளை பதற்றத்தில் காலை வைத்துவிட்டார், நடுவரோடும் வாக்குவாதப்பட்டார், ஒழுக்கம் போதாது" என்று சொல்லிவிட்டார். அடுத்த போட்டிக்கான தெரிவில் நானாவைக் கூப்பிடவே இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. விளையாட்டுக்காரனுக்கு உடம்பு காத்துக்கொண்டிருக்காது. நானா வெங்காய மூட்டைக்கே திரும்பிப் போனார். பிறகு நுரைச்சோலைப் பக்கம் ஒரு லொறியில் சாரதி வேலை கிடைத்தது. வெட்டையில் கழுதைகள் தொந்தரவில்லாமல் மேய்ந்தன.

நான் முறைப்பாடு எழுதலாம் என்றேன், வீடியோவோடு கொழும்புக்குப் போகலாம் என்றேன். வாப்பாதான் தடுத்தார். "விடு மகள். ஊரையே விட்டுட்டு வந்த ஆக்கள் நாங்க. இது என்ன பெரிசு?" என்றார். முகாமையாளர் சொன்ன பொய்யைவிட அந்த வார்த்தைதான் என்னை எரித்தது. ஒரு தடவை எல்லாவற்றையும் விடவைத்துவிட்டால், அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் இவர்கள் விட்டுவிடுவார்கள் என்று எண்ணித்தானே எங்களிடம் எடுக்கிறார்கள்? நானாவோ எதுவும் பேசவில்லை. ஆண்டுக்கணக்காகப் பேசவில்லை. கலியாண வீடுகளில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவார்.

போன வருடம் நானா படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்குக் குண்டு போடுதலில் நடுவராக நிற்க அவரைக் கூப்பிட்டார்கள். நானும் வாப்பாவும் போயிருந்தோம். பிரதம அதிதியாக வந்து மேடையில் இருந்தவர் அந்த முகாமையாளர். அவர் வருவது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானா வந்திருக்கவே மாட்டார்.

பேச்சின் நடுவே அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "இந்த மண்ணில இருந்து ஒரு பிள்ளையை ஆசியாவுக்குக் கூட்டிட்டுப் போனவன் நான். என்ன செய்ய, கடைசி நேரத்தில காலை வச்சிட்டான். மாணவர்களே, ஒழுக்கம் முக்கியம்."

மைதானத்தின் நடுவிலிருந்து நானா மேடையை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பு அவசரமில்லாமல் வந்தது. அதிபர் பயந்து எழும்பிவிட்டார். நானா மேடையில் ஏறவில்லை, ஒலிவாங்கியும் கேட்கவில்லை. கீழே நின்றே கேட்டார்.

"சேர், அண்டைக்கு நான் எறியிற நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

முகாமையாளர் சிரிப்பை விடாமல், "தம்பி, இது அதுக்கான இடமில்ல" என்றார்.

"அதுக்கான இடத்தில நீங்க இருக்கல்லயே, சேர்."

அவ்வளவுதான். நானா திரும்பி, எறிவதற்குக் காத்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போனார். முகாமையாளர் பேச்சை எங்கே விட்டார் என்று தெரியாமல் கடதாசியைப் புரட்டினார். பிறகு பரிசு கொடுக்கவும் நிற்காமல் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

மன்னிப்பு எதுவும் வரவில்லை. அவர் இன்னும் அதே பதவியில்தான் இருக்கிறார். இந்த வருடமும் ஒரு அணி போனது. விமான நிலையத்தில் எடுத்த படத்தில் முன்வரிசையில் நடுவே நிற்பவர் அவர்தான். பள்ளிக்கூடம் நானாவை மறுபடி கூப்பிடவில்லை. விருந்தாளியை அவமானப்படுத்தினாராம். ஒரு மனிதனின் வாழ்க்கையையே இழுத்து மூடினவருக்கு அவமானமாம்! "பெரிய மனுசரை அப்படிக் கேட்கலாமா" என்று ஊரில் இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று ஆட்டோவில் வீடு திரும்பும்போது நானா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இடம் போதாமல் ஒடுங்கி இருந்தார். பாதி வழியில் திரும்பி, "உம்மா என்ன ஆக்கியிருப்பா? நல்லாப் பசிக்கிது" என்றார். வாப்பா பின்னாலிருந்து கையை நீட்டி மகனின் வலது தோளில் வைத்தார். வீடு வந்து சேரும்வரை அதை எடுக்கவில்லை.